மெஷின் சரியில்லை

1. முதல் மெஷின்

ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம், அதற்கப்புறம் தாம்பரம் மேற்கில் ஒரு ஸ்கேன் சென்டரில் எட்டு வருஷம். ஈசிஜி எடுப்பதுதான் என் வேலை. ரிட்டயராகிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டாலும் வாரத்தில் மூன்று நாள் காலையில் இன்னும் போகிறேன். அறுபத்தாறு வயசில் என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றால், புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு லீட் மாட்டத் தெரியவில்லை. வலது கை கிளாம்பை இடது கையில் மாட்டிவிட்டு, 'பேஷன்ட்டுக்கு ஏதோ பிரச்சினை மேடம்' என்று ஓடி வருவார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது மெஷின் வாங்கினால், முதல் ட்ரேஸ், அதாவது துடிப்பைக் கோடாக வரைந்து வருகிற பேப்பர், டெக்னீஷியன் உடம்பில்தான் எடுப்பார்கள். பேஷன்ட்டை வைத்துச் சோதனை பண்ண முடியாதே. நான் வேலை பார்த்த இடத்திலெல்லாம் படுப்பது நான்தான். என் ட்ரேஸ் அவ்வளவு சுத்தமாக இருக்கும். முப்பது வயசில் எடுத்த ஒன்றை இந்த சென்டர் ஈசிஜி ரூம் சுவரிலும் ஒட்டியே வைத்திருந்தேன். தெர்மல் பேப்பர் நாளாக ஆக வெளுத்துப்போகும் என்று ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினேன். மேலே 'நார்மல்' என்று என் கையெழுத்து. பயிற்சிக்கு வருகிறவர்களிடம், "இதைப் பாத்துக்கோ, இப்படி இருக்கணும்" என்பேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

சில மாதங்களுக்கு முன்னால் பழைய மெஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஓனர் செல்வராஜ் சார் புதுசு பார்க்கலாம் என்றார். கம்பெனியிலிருந்து விக்னேஷ் என்று ஒருவன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு பெட்டியோடு வந்தான். நான் படுத்தேன். ட்ரேஸ் வெளியே வந்தது. பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கன்னாபின்னாவென்று இருந்தது. பி வேவ் என்கிற சின்ன மேடு, ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வர வேண்டியது, அதைக் காணவே காணோம். பேப்பர் தலையில் மெஷினே ஒரு ரிப்போர்ட் வேறு அடித்திருந்தது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சுருக்கமாக ஏ.எஃப்., இதயம் தாளம் தப்பித் துடிக்கிற வியாதி.

"மேடம், மேல ரீடிங் வந்திருக்கு பாருங்க" என்றான் அவன், தயங்கித் தயங்கி.

"உன் மெஷினுக்கு யாருப்பா எம்.டி. பட்டம் குடுத்தா? எர்த்திங் சரியில்ல. ஃபேன ஆஃப் பண்ணு."

ஃபேனை ஆஃப் பண்ணினான். ஏசியை ஆஃப் பண்ணினான். பிளக்கை வேறு பாயின்டில் மாட்டினான். ஜெல்லியைத் துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். அதே கிறுக்கல்தான். அவன் வேர்த்து வழிந்துகொண்டு, "மேடம், மன்த் எண்டு மேடம், டார்கெட் இருக்கு" என்றான். "உன் டார்கெட்டுக்காக நான் பேஷன்ட்டைக் கொல்லணுமா?" என்று கேட்டு, அந்த ட்ரேஸ் மேலேயே சிவப்பு மையில் எழுதினேன்: 'மெஷின் சரியில்லை. ரிட்டர்ன்.' கீழே கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

இதில் இருக்கிற முட்டாள்தனத்தைப் பாருங்கள். எர்த்திங் சரியில்லை என்றால் கோடு தடியாகும். லீட் லூஸாக இருந்தால் கோடு மேலும் கீழும் அலையும். துடிப்புகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி மாறவே மாறாது. இதை வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவள் நான். முதல் மாதப் பிள்ளை செய்திருந்தால் மண்டையில் குட்டியிருப்பேன்.

2. இரண்டாவது மெஷின்

பத்து நாள் கழித்து அவனே வேறொரு பெட்டியோடு வந்தான். இந்த முறை டை இல்லை. நான் படுத்தேன். அதே கிறுக்கல், அதே ரிப்போர்ட்.

"உங்க கம்பெனி ஈசிஜி மெஷின் பண்ணுதா, கோலிசோடா பண்ணுதா?" என்று கத்தினேன். ஓனர் சார் சத்தம் கேட்டு வந்துவிட்டார்.

விக்னேஷ் ஷூவைக் கழற்றினான், சட்டைப் பட்டனைக் கழற்றினான், நான் எழுந்த கட்டிலில் தானே படுத்துக்கொண்டான். "எனக்கு எடுங்க மேடம்."

எடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த என் பழைய ட்ரேஸ் போலவே, அச்சு அசலாக வந்தது.

மூன்று பேரும் அந்தப் பேப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பையனாவது சிரித்திருக்கலாம். அவன் மெதுவாக, "மேடம், நீங்க யாராவது டாக்டரப் பாருங்க" என்றான். என்னிடம் அவ்வளவு திட்டு வாங்கியவன் அப்படிச் சொன்னது எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் நடுவில் நின்று நின்று ஏறியது. அதற்கு ரயில்வேக்காரனைத் திட்டினேன், படியை உசரமாகக் கட்டிவிட்டான் என்று. சாயங்காலம் நெஞ்சு படபடத்தது. அதற்குக் காபித்தூளைத் திட்டினேன்.

3. பையில் இருந்த சீட்டு

குரோம்பேட்டையில் ஒரு இதய டாக்டர். என் மகன் வயசு கூட இருக்காது. "ஆன்ட்டி, ஏ.எஃப். வயசானா ரொம்ப காமன். இதோட இருபது வருஷம் ஓட்டலாம். ரெண்டு மாத்திரை. ஒண்ணு துடிப்பக் குறைக்க, ஒண்ணு ரத்தம் கட்டாம இருக்க. அந்த ரெண்டாவத ஒரு வேளைகூட விடாதீங்க" என்றார்.

ஆன்ட்டியாம்! அவர் பிறப்பதற்கு முன்னாலேயே நான் இந்த வியாதியைப் பேப்பரில் பார்த்தவள். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் அங்கே தேங்கும். தேங்கினால் கட்டும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் கை விழும், வாய் கோணும், பேச்சு போகும். எனக்கு வயசு அறுபத்தாறு, பிரஷர் வேறு. அது எந்த நாளிலும் நடக்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

வீட்டில் இருக்கிற ஞானிகள் வேறு. என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் வருகிற எல்லா வியாதியும் கேஸ்தான். "கேஸ்டி, சீரகத் தண்ணி குடி" என்றார். எங்கள் ஃபிளாட்டில் கீழ் வீட்டுக்காரர் ஒருவர் கையில் நாடித் துடிப்பை எண்ணுகிற பட்டை வாட்ச் கட்டியிருக்கிறார். லிஃப்டில் பார்த்தபோது அதைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டு, எண்பத்தெட்டு என்று காட்டியதும், "பாத்தீங்களா, எய்ட்டி எய்ட், பர்ஃபெக்ட் மேடம்" என்று முதுகில் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். எண்ணிக்கை சரியாக இருந்தால் போதுமா, தாளம் வேண்டாமா? இவர்களை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

திட்டிவிட்டு நான் என்ன கிழித்தேன் தெரியுமா? டாக்டர் சீட்டை ஹேண்ட்பேகில் மடித்து வைத்தேன். எங்கள் சென்டருக்குக் கீழேயே மருந்துக்கடை. அங்கே வாங்கினால் 'வசந்தா மேடத்துக்கே ஹார்ட் பிராப்ளமாம்' என்று தாம்பரம் முழுக்கப் பரவிவிடும். சரி, வேறு கடையில் வாங்கலாம் என்றால் நாளைக்கு, நாளைக்கு. அப்படியே பதிமூன்று நாள் ஓடியது. சுவரில் 'நார்மல்' என்று என் பழைய ட்ரேஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

4. எல்லம்மா

எல்லம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரி. சேலையூரில் மீன் விற்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 'நெஞ்சுல மீனு துள்ற மாரி கீதுக்கா' என்று வந்தாள். ஈசிஜியில் இதே வியாதி. ரத்தம் கட்டாமல் இருக்க அவளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் வந்து, மாத்திரையை நிறுத்தப்போகிறேன் என்றாள். "மீனு வெட்ற கைக்கா. ஒரு முள்ளு குத்னா அர மணி நேரம் ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது."

அன்றைக்கு நான் அவளைப் பேசிய பேச்சு இருக்கிறதே! "படிக்காத ஜென்மம், கை ரத்தத்துக்குப் பயந்து மூளைய விடப்போறியா? வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினா, ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும், தெரியுமா? வாய், கை, பேச்சு. சொல்லு!" என்று மூன்று தரம் சொல்ல வைத்தேன். ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் மாதிரி நின்றேன்.

அந்தப் பதிமூன்றாம் நாள் காலை அவள் மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கும் ஈசிஜிக்கும் வந்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு கதை பேசினாள். மீன் வெட்டுவதை மருமகளிடம் விட்டுவிட்டாளாம், தான் கல்லாவில் உட்கார்ந்து கூவுவது மட்டும்தானாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரை, இரண்டு வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லையாம். நான் "ம்" கொட்டிக்கொண்டே அவள் நெஞ்சில் ரப்பர் பல்புகளை ஒட்டினேன். நாலாவது பல்பு கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். வலது கை வரவில்லை. என் கை எனக்கு முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது, என்னுடையது இல்லாத மாதிரி.

"ஒண்ணுமில்ல" என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வேறு ஏதோ சத்தம் வந்தது.

எல்லம்மா நெஞ்சில் ஒயரெல்லாம் தொங்க எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "அய்யோ, வாயி கோணிகிச்சு! சாரு, ஓடியா!"

ஓனர் சார் வந்தார். வந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "காலைல சாப்பிடலையா மேடம்? சுகர் லோவா இருக்கும். யாராவது ஒரு காபி கொண்டாங்க, சர்க்கரை தூக்கலா." ஸ்கேன் சென்டர் வைத்து நடத்துகிறவர் பேசுகிற பேச்சா இது!

"காப்பி ஊத்தினா பொர ஏறி செத்துரும் சார்!" எல்லம்மா ஒயர்களைப் பிய்த்துப் போட்டாள். "வாயி, கை, பேச்சு. மூணும் பூட்ச்சு. இந்தம்மா தான் எனக்கு சொல்லிக் குடுத்துகீது. இன்னா பாத்துகினு நிக்கற, வண்டிய எடு!"

சென்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள், மீன் கூவுகிற தொண்டையால். புடவையைச் சுருட்டிக்கொண்டு, நெஞ்சில் ஜெல்லியோடு, காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தொங்கின கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். இனிமேல் பேச்சே வராதோ என்று நினைத்தேன். யாரையும் திட்டக்கூட முடியாதே என்று நினைத்தேன், சத்தியமாக.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் கை திரும்பி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி தானாகக் கரைந்துவிட்டது, இது எச்சரிக்கை, அடுத்தது இப்படி விட்டுவிட்டுப் போகாது என்றார்கள். நர்ஸ் வந்து, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டாள். நான் ஹேண்ட்பேகை இடுக்கிக்கொண்டேன். எல்லம்மா என் ஹேண்ட்பேகைத் துழாவி அந்தச் சீட்டை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ் தேதியைப் பார்த்து, "பதிமூணு நாளாச்சு. வாங்கவே இல்லையா?" என்றாள்.

எல்லம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு அத்தினி பேச்சு பேசின. நீ பையில வெச்சிகினு சுத்திக்கினு இருந்தியா? படிச்சவ தானக்கா நீ?"

அழுதுவிட்டேன். வலியில்லை, பயமில்லை, அவமானம்தான். அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். மீன் வாசனை அடித்தது.

5. சுவர்

ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரை இப்போது காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. கீழே இருக்கிற கடையில்தான், எல்லாரும் பார்க்கத்தான் வாங்குகிறேன். தாம்பரம் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஒரு மயிரும் பறந்துவிடவில்லை. பல் டாக்டரிடம் போனால், எனக்கு ரத்தம் லேசில் நிற்காது என்று முதலில் இதைச் சொல்கிறேன். மேம்பாலத்தில் நடுவில் நிற்கிறேன், யாரையும் திட்டாமல். சரி, கொஞ்சம் திட்டுகிறேன். எல்லம்மா தினமும் ஆறு மணிக்குத் தன் மாத்திரையைப் போட்டுவிட்டு எனக்கு போன் பண்ணுகிறாள். "காலைல போட்டியா? நைட்டு போடுவியா?" இரண்டே கேள்வி, வைத்துவிடுவாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் விக்னேஷுக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். முதலில் கொண்டுவந்த அதே மாடலைத்தான் வாங்க வைத்தேன். பொருத்த வந்தவன் சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

'நார்மல்' பக்கத்தில் இன்னொன்றை ஒட்டியிருந்தேன். டிராயரில் பூட்டி வைத்திருந்த அந்த முதல் ட்ரேஸ். சிவப்பு மை கறுப்பாக விழுந்துவிடக்கூடாது என்று கலர் ஜெராக்ஸே எடுத்தேன். தலையில் மெஷின் அடித்த ரிப்போர்ட். குறுக்கே என் கையெழுத்தில், 'மெஷின் சரியில்லை. ரிட்டர்ன்.'

"மேடம், எல்லாரும் பாப்பாங்களே, சிரிப்பாங்களே" என்றான்.

"சிரிக்கட்டும்டா. அதுக்குத்தான் ஒட்டினேன்."

புதுசாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தருவது இப்போது இதைத்தான். பேப்பரில் வருவது பிடிக்கவில்லை என்பதற்காக மெஷினைத் திருப்பி அனுப்பாதே. பேஷன்ட் யாராக இருந்தாலும் பெயரை எழுது. அந்த ட்ரேஸில் நான் அன்றைக்கு எழுதாமல் விட்டதை, போன வாரம் நீல மையில் கீழே எழுதிவிட்டேன்: பேஷன்ட், வசந்தா, வயசு 66.