மைக் அண்ணன்

"உட்காருங்கம்மா, உட்காருங்க. நீங்க சொல்ல வர்றது எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்று சொல்லி, எழுந்து நின்ற பெண்ணின் மிச்ச வாக்கியத்தையும் தானே பேசி முடிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குள் இது ஏழெட்டு முறை நடந்துவிடும். நூலக மாடியில் கால் ஒடிந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் அறையில், பெண்களை மேடையேற்றிப் பேச வைப்பதற்கென்றே அவர் நடத்தும் இலவச வகுப்பு அது. ஒன்றரை மணி நேரம். அதில் பெண்கள் பேசுவது, மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்வதையும் சேர்த்தால், பத்து நிமிடம் தேறும்.

தொழில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஐம்பதுக்கு இரண்டு வயது குறைவு. கல்லுப் போல் இருக்கும் ஆளையும் அரை மணி நேரத்தில் தன் சாவை நினைத்துக் கண்கலங்க வைத்துக் கையெழுத்து வாங்கிவிடும் வாய். வகுப்புக்கு வரும் ஆறு பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'மைக் அண்ணன்'. அது காதில் விழுந்தபோது பட்டம் என்று நினைத்துக்கொண்டார். விசிட்டிங் கார்டிலும் போட்டுக்கொண்டார்.

"கூச்சம்! அதுதான் உங்க எல்லாருக்கும் முதல் எதிரி" என்று மேசையைத் தட்டுவார். கூச்சத்தை விரட்டுவது எப்படி என்று அவர் பேசி முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த மாத்திரையை எப்போது விழுங்குவது என்று நாளெல்லாம் நூறு பேருக்கு விளக்குபவர். தானும் ஒரு ஞாயிறு வகுப்புக்கு வரட்டுமா என்று கேட்டார். "உனக்கு எதுக்கு? நீதான் தேவைக்கு மேல பேசறியே!" என்றார் மைக் அண்ணன். மனைவி பதில் சொல்ல வாயெடுத்தபோது, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் அந்தப் பகுதி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப் போவதாக அறிவிப்பு வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பொதுமக்களில் யாரும் மூன்று நிமிடம் பேசலாம். வகுப்பிலிருந்த தையல்கார அக்கா பெயர் கொடுத்துவிட்டு வந்தார். "எங்க வீட்டுல ஒண்ணு நடந்துச்சுண்ணே. வேன்ல போறப்ப..." என்று ஆரம்பித்தார்.

"வேன் கதையெல்லாம் வேண்டாம்மா. சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்கு. நான் எழுதித் தர்றேன், அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்க."

நான்கு பக்கம். 'பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அவையோரே' என்று தொடங்கி, தாய்மையை நிலவாகவும் கடலாகவும் ஆக்கியிருந்தார். ஆஸ்பத்திரி என்ற சொல் மூன்றாம் பக்கத்தில்தான் தலைகாட்டும்.

கூட்டத்தில் அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா மைக்குக்கு முன்னால் போய் நின்றதும் அவர் உதடு 'பேரன்பும்' என்று அசைந்துவிட்டது. அக்காவோ கையிலிருந்த தாள்களை மடித்துப் பைக்குள் திணித்தார்.

"போன வருஷம் பெயிண்ட் அடிக்கறோம்னு அந்த வார்டை ரெண்டு மாசம் மூடினீங்க. அப்பதான் என் பேரன் பாலத்து மேல, ஒரு வேனுக்குள்ள பொறந்தான். முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி. தொப்புள்கொடியை வெட்ட என் பையில இருந்த துணிக் கத்திரிதான் கெடைச்சுது. முப்பது வருஷமாத் தைக்கறேன். அதுவரைக்கும் அந்தக் கத்திரியால துணியைத் தவிர எதையும் வெட்டினதில்ல. இப்ப ஒரேயடியா மூடறேங்கறீங்க. எல்லார் பையிலயும் கத்திரி இருக்காது சார்."

அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. 'போச்சு, மானத்தை வாங்கிட்டா' என்று மைக் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய நிலவும் கடலும் வீணாகப் போயின. மேடையிலிருந்த பெரிய அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, எந்த மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு கைதட்டல் கிளம்பியது. அது நிற்காது என்று தெரிந்ததும் மைக் அண்ணன் முதல் ஆளாக எழுந்து, நான்கு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

பத்தாம் நாள், வார்டு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று கடிதம் வந்தது. "நம்ம ஸ்டூடண்ட்தான். அந்தக் கத்திரி பாயிண்ட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்று பாலிசிதாரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னார். சொன்ன இடத்தில் இரண்டு புதுப் பாலிசியும் விழுந்தது.

அடுத்த ஞாயிறு நூலக மாடி கொள்ளவில்லை. தையல்கார அக்கா பேசுவதைக் கேட்க நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். சிலர் படிக்கட்டிலேயே நின்றார்கள். அக்கா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பேசும்போது தொண்டை வறண்டால் குடிக்கட்டும் என்று யாரோ ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தார்கள். மைக் அண்ணன் அக்காவை அறிமுகப்படுத்த எழுந்தார். தன் இளமை, தன் முதல் மேடை, தான் வாங்கிய கோப்பைகள் என்று பேசிக்கொண்டே போய், நாற்பதாவது நிமிடத்தில், பெண்கள் ஏன் தயங்காமல் பேச வேண்டும் என்ற இடத்துக்கு வந்தபோது அவர் குரல் கம்மியது. பேச்சை விடாமலே கையை நீட்டி, அக்கா முன்னாலிருந்த தண்ணீரை எடுத்து அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, காலி டம்ளரை அக்கா கையில் கொடுத்தார்.