ஜெயக்கொடி பாய்லருக்குள் உட்கார்ந்த நாள்

முடிச்சூரில் ஜெயக்கொடியைத் தெரியாதவர்கள் குறைவு. வெள்ளத்தில் படகு வந்து நின்றபோது, கீழ்வீட்டு ஆயாவை முதலில் ஏற்றினால்தான் ஏறுவேன் என்று மொட்டை மாடியில் ஒற்றைக்காலில் நின்றவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்ன, கடை வைத்திருந்த மாமனாரிடம், "நீங்க கடைய மூடுங்க, நானும் விட்டுடறேன் மாமா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியவள். வீம்பு பிடித்தவள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். அந்த வீம்பு இல்லாவிட்டால் துளசிங்கத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று ஊருக்கு என்ன தெரியும்?

தாம்பரம் சானடோரியம் பக்கம் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் கெமிஸ்ட். பாய்லருக்குப் போகும் தண்ணீர் அவள் பொறுப்பு. துளசிங்கம் பாய்லரை ஓட்டுகிறவர். நாள் முழுக்க அதன் முகத்துக்கு நேரே நிற்கிற மனிதர். அவருக்கு முன்னால் அங்கே நின்ற ஜீவானந்தத்தின் கையை, துருப்பிடித்து ஓட்டை விழுந்த குழாயிலிருந்து சீறிய நீராவி வேகவைத்துவிட்டது. அவரைப் பார்க்கப் போன ஆஸ்பத்திரியின் வாடையை ஜெயக்கொடி மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் மேலிடத்தோடு மல்லுக்கட்டி தண்ணீரில் அமீன் மருந்து சேர்க்க ஆரம்பித்தாள். அம்மோனியாவுக்கு நெருங்கிய சொந்தம் இந்த அமீன். தலைப்பக்கம் நைட்ரஜன், பின்னால் கொழுப்பு மாதிரி நீளமான வால். பாய்லருக்குள் இரும்பின் மேல் கறுப்பாக ஒரு ஆக்சைடு படிந்திருக்கும். அதைக் கண்டால் நைட்ரஜன் தன்னிடம் சும்மா கிடக்கும் எலக்ட்ரான் ஜோடியை நீட்டி, ஆக்சைடில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். வால்கள் வெளிப்பக்கம் நெருக்கமாக நின்று தண்ணீரை இரும்பிடம் அண்டவிடாது. ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அந்தப் போர்வையை முழுசாக்கியிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எல்லா மெஷினையும் தேய்த்துத் துடைத்துப் பொட்டு வைக்கிற சமயம். பாய்லரை அணைத்து, தண்ணீரை வடித்து, மூடியைத் திறந்து போட்டிருந்தார்கள். புதிதாக வந்த மேனேஜர் ஷ்யாம்சுந்தர் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், ஒரே கரி. நாளைக்கு பூஜைக்கு முதலாளி ஃபேமிலியோட வர்றார். ஆசிட் வாஷுக்குச் சொல்லிட்டேன், பளபளன்னு ஆயிடும்."

"அது கரி இல்ல சார். அந்தக் கறுப்புதான் காவல். ஆசிட் விட்டா ஆக்சைடு கரையும், அதைப் பிடிச்சிட்டிருக்கிற அமீனும் கூடவே போயிடும்."

"தெரியும் மேடம், நானும் இன்ஜினியர்தான். அப்புறமா திரும்ப அமீன் போட்டுக்கலாமே."

"பூஜை முடிஞ்ச மறுநாளே ஃபுல் லோடு ஓட்டணும்னு நீங்கதான் சொல்றீங்க. அமீன் திரும்பப் படிய மாசக்கணக்காகும், வெறும் இரும்பு அதுக்குள்ள துரு பிடிச்சிடும் சார்."

"முதலாளி கண்ணுக்கு அழுக்குதான தெரியும்? விடுங்க."

தெரிந்தே செய்கிற ஆளிடம் எதை விளக்குவது? ஆசிட் லாரி உள்ளே வந்து நின்றது. ஆட்கள் குழாயை இழுத்து வந்தார்கள். ஜெயக்கொடி பாய்லரின் கீழ்ப்பக்கத் திறப்புகளில் காற்று வருகிறதா என்று பார்த்தாள், காற்றுச் சோதனைக் கருவியை இடுப்பில் செருகினாள், தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மூடியின் கொக்கியில் மாட்டினாள். சுடிதார் துப்பட்டாவை முடிந்துகொண்டு ஏணியில் ஏறி, மேல்துளை வழியாக பாய்லருக்குள் இறங்கி, குழாய்களின் மேல் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

எந்த பாய்லர் ரூமிலும் ஒரு சட்டம் உண்டு. உள்ளே ஆள் இருக்கிறது என்று அட்டை தொங்கினால் யாரும் எந்த வால்வையும் தொடக்கூடாது. மாட்டினவர்தான் கழற்ற வேண்டும். மேனேஜரானாலும் சரி, முதலாளியானாலும் சரி.

"மேடம், இது டிராமா. வெளியே வாங்க."

"வேலைலதான் சார் இருக்கேன்." இரும்புக்குள்ளிருந்து வந்த குரல் கணீரென்று ஒலித்தது.

ஷ்யாம்சுந்தரின் முகம் சிவந்துவிட்டது. ஆசிட் ஆட்கள் வேடிக்கை பார்க்கிறார்களே என்ற அவமானம் வேறு. ஏணியில் ஏறி அட்டையில் கை வைத்தார்.

துளசிங்கம் முன்னால் வந்தார். "சார், கைய எடு. அத நீ இன்னிக்கு கழட்டினா, நாளைக்கு நான் உள்ள கீறப்போ எவன் வேணா வந்து கழட்டுவான்." சொல்லிக்கொண்டே மேலே ஏறி, தன் அட்டையையும் கொண்டுபோய் அவளுடைய அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினார். தொந்தி அந்தத் துளைக்குள் நுழையாது. அதனால் துளையின் விளிம்பிலேயே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜரின் கை மெல்ல இறங்கியது. பூஜைக்கு வீடு போய்ச் சேர வேண்டிய ஆசிட் ஆட்கள், இது இன்று ஆகிற கதையில்லை என்று முணுமுணுத்தபடி குழாயைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

"சரி, இன்னிக்கு உங்க இஷ்டம்" என்றார் ஷ்யாம்சுந்தர், துளைக்குள் குனிந்து. "ஆனா பூஜை முடிஞ்சதும் உங்களுக்கு இங்க வேலை இல்ல. மெமோ வீட்டுக்கு வரும்."

"அனுப்புங்க சார், வாங்கிக்கறேன். நான் போனாலும் இது முன்னாடி நிக்கப் போறது துளசிங்கம் அண்ணன்தான். ஆசிட் தின்ன குழாயை அவர் மூஞ்சிக்கு நேரா வெச்சிட்டுப் போக எனக்கு மனசு வராது."

துளசிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஜெயக்கொடி அசையவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது, கால் மரத்துப்போயிருந்தது. லாரி கிளம்பி, கேட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலில் கலந்த பிறகுதான் மேலே ஏறி வந்தாள். தன் அட்டையைத் தன் கையாலேயே கழற்றினாள்.