புளி கொடுத்த உபகாரி

உபகாரிகள் என்றால் யார் என்று ஏழாம் வகுப்புக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளியில் தினமும் காலையில் கொடிக்கம்பத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்துச் செபம் சொல்ல வைப்பார்கள். பெற்றோருக்காக, ஆசிரியர்களுக்காக, நாட்டுக்காக என்று போய்க் கடைசியில் "எங்கள் உபகாரிகளுக்காக" என்று முடியும். வெயில் ஏறுகிற நேரம். அந்தச் செபம் முடிந்தால் நிழலுக்குப் போய்விடலாம் என்பதால் உபகாரிகள் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல அபிப்பிராயம்தான். மாதா சொரூபத்துக்குப் பின்னால் எங்கேயோ குடியிருக்கிற, சிறகு முளைத்த சம்மனசுகள் அவர்கள் என்று நினைத்திருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர் எல்லையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய உயர்நிலைப் பள்ளி அது. நாங்கள் மம்சாபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற கிராமத்துக்காரர்கள், கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் படித்தோம். சிஸ்டர்மார் கண்டிப்பானவர்கள், ஃபீஸும் மற்ற இங்கிலீஷ் பள்ளிகளைவிடக் குறைவு. அது ஏன் குறைவு என்று யாரும் கேட்டதில்லை. குறைவாக இருப்பதை ஏன் என்று கேட்டுக் கூட்டிக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்?

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பார். எங்கள் வீட்டில் அது சித்தப்பா. அப்பா ஆளெடுப்புக்குப் போய், உயரம் போதவில்லை என்று திரும்பி வந்து விவசாயம் பார்த்தவர். உத்தியோகம்தான் கிடைக்கவில்லையே தவிர, மீசையும் மிடுக்கும் கிடைத்துவிட்டன. லீவில் வருகிற சித்தப்பாவே அப்பாவுக்கு முன்னால் விறைப்பாகத்தான் நிற்பார். அப்பாவுக்குச் சட்டதிட்டம் என்றால் உயிர். யாரிடமும் கை நீட்டுவது என்றால் ஆகவே ஆகாது. கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் இலையில் உட்கார மாட்டார்.

நான் ஏழாம் வகுப்புப் போக வேண்டிய வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். அப்பா போட்ட போர்வெல்லில் புழுதிதான் வந்தது. என் ஃபீஸைக் கட்ட வழியில்லை.

"சிஸ்டர்மாருகிட்ட ஒரு வார்த்த சொன்னா கொறச்சுக்கிடுவாக" என்றாள் அம்மா.

"தருமத்துக்குப் படிக்க வைக்கவா புள்ளயப் பெத்தேன்? உள்ளூர்ல சர்க்கார் பள்ளிக்கூடம் இருக்கு. அதுல நம்ம வரிப்பணம் இருக்கு, தெரியும்ல?" என்றார் அப்பா.

நிலத்துக்குத் தீர்வை கட்டிய ரசீதை அம்மா கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

உள்ளூர்ப் பள்ளி ஒன்றும் மோசமில்லை. ஆனால் அங்கே பேண்டு வாத்தியம் கிடையாது. எனக்கோ அப்போதுதான் பள்ளி பேண்டில் டிரம் அடிக்க இடம் கிடைத்திருந்தது. வீட்டில் தகரக் குடத்தில் அடித்துப் பழகி அம்மாவிடம் அடியும் வாங்கியிருந்தேன். மாற்றுச் சான்றிதழ் வாங்க அப்பா என்னைப் பள்ளிக்குக் கூட்டிப் போன அன்று பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே போனேன். அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

தலைமையாசிரியையை நாங்கள் பெரிய சிஸ்டர் என்போம். ஆள் குட்டையாக, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். அப்பா வந்த விஷயத்தைச் சொன்னார். காரணம் சொல்லவில்லை, சிஸ்டரும் கேட்கவில்லை. என் வீங்கிய முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் கேட்டது வேறு.

"உங்க பக்கம் இந்த வருசம் புளி எப்பிடிக் காச்சிருக்கு?"

அப்பா திகைத்தார். "புளிக்கென்ன சிஸ்டர், மழ இல்லாத வருசந்தான் அது நல்லாக் காய்க்கும். வீட்டுல மூட மூடயாக் கெடக்கு."

"கடப் புளிய வாங்கி முடியலங்கய்யா. பாதி கொட்ட, பாதி ஓடு. விடுதியில அம்புட்டுப் பிள்ளைகளுக்குச் சமைக்கணும். உங்கள மாதிரி ஒருத்தர் உபகாரியா இருந்து புளி குடுத்தா எங்களுக்குப் பெரிய ஒதவி. கேக்கலாமான்னு தெரியல."

யாரும் அப்பாவிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லவும் அவருக்கு வராது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கென்ன, நாளைக்கே கொண்டு வாரேன்" என்றார்.

"இன்னொண்ணுங்கய்யா. உபகாரிக வீட்டுப் பிள்ளைகட்ட ஃபீஸ் வாங்குற வழக்கம் எங்க சபையில கெடையாது. அது எங்க ரூல்."

அப்பா மீசையை நீவிக்கொண்டார். "ரூல்னா சரி. ரூல மீறப் பிடாது" என்றார்.

அவ்வளவுதான், மாற்றுச் சான்றிதழை எல்லோரும் மறந்துபோனோம். ஒரு கன்னியாஸ்திரி கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொல்லுவார் என்று அப்பாவுக்கு எப்படித் தோன்றும்? வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் இத்தனை பிள்ளைகள் கைகூப்பி வேண்டிக்கொள்ளும் உபகாரி, எங்கள் வீட்டில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

உபகாரி ஆன பிறகு அப்பா சும்மா இருக்கவில்லை. புளி கொண்டுபோய் இறக்கும்போதெல்லாம் பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். எங்கள் பேண்டு நடை பழகும்போது ஓரமாக நின்று, "எடது காலு பிந்துது, எடது காலு!" என்று சத்தம் கொடுப்பார். விடுதிச் சமையலில் புளிக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. ரசம், புளிக்குழம்பு, புளியோதரை என்று மாறி மாறி வந்ததில் விடுதிப் பிள்ளைகள் என்னைப் பார்த்தாலே பல் கூசிப்போய் முறைத்தார்கள். நன்றி கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் உபகாரிகள் நாள் வந்தது. மேடையில் நாற்காலி போட்டு உபகாரிகளை உட்கார வைத்துப் பொன்னாடை போடுவார்கள். பிறகு, அவரவர் உதவியில் படிக்கிற பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் மேடைக்குப் போய் ஆளுக்கொரு ரோஜாப்பூவைத் தங்கள் உபகாரியிடம் கொடுத்துக் கும்பிட வேண்டும். அது அந்தப் பள்ளியின் பழைய வழக்கமாம், நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அப்பா சித்தப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, சாதாரண நூல் சேலை, தலையில் கனகாம்பரம். ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர். அங்கே பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் வைத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். பேண்டு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றதால் அவர்கள் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"நீங்க என்னம்மா குடுக்கிறீக?" என்று அப்பா விசாரித்தார்.

"ஏதோ நம்மளால ஆனதுங்கய்யா. நானும் இங்கனதான் படிச்சேன்."

"நல்லதும்மா. கொஞ்சமா இருந்தாலும் குடுக்கணும்னு ஒரு மனசு வேணும்ல. நான் புளி குடுக்கேன்."

"ஓ, அந்தப் புளி உங்களுதா!" என்றார் அந்த அம்மா. அவர் முகத்தில் மரியாதையைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. பாவம், பேண்டேஜ் துணியை வைத்துக்கொண்டு விடுதியில் என்ன செய்வார்கள் என்றும் நினைத்தேன்.

பொன்னாடைகள் முடிந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் பேரை விட்டுவிட வேண்டும் என்று பெரிய சிஸ்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாராம். அன்று மைக்கைப் பிடித்தவரோ புதிதாக வந்த டீச்சர். அவர் காதுக்கு அது போகவில்லை. நான் டிரம் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். திடீரென்று என் பேர் கேட்டது. யாருடைய பிள்ளைகள் என்று அதற்கு முன்னால் சொன்னதை நான் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது? என் உபகாரி யார் என்று எனக்குத் தெரியாதா?

டிரம்மோடு மேடையேறி, பூவை வாங்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனேன். பூவைக் கொடுத்துக் கும்பிட்டேன். அப்பா சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

"பாப்பா, அவங்க இல்ல" என்றது மைக். "உனக்கு ஃபீஸ் கட்டுறவங்க பக்கத்துல இருக்கிற அம்மா. அவங்களுக்குக் கொடு."

கீழே பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. டீச்சரைப் பார்த்தார். பிறகு பெரிய சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் இடுப்பில் தொங்கிய செபமாலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கூட்டத்தில் இருந்த என் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். என்னை அந்த நிமிடமே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்பா ஊருக்குப் போய்விடுவார் என்று அவள் பயந்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

அந்த ராஜபாளையத்து அம்மாதான் முதலில் பேசினார். "சரியாத்தான் குடுத்திருக்கு டீச்சர், விடுங்க. பெத்தவங்களுக்கு அப்பறந்தான மத்தவங்க?" அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என் கன்னத்தைத் தொட்டு, "பங்காரு" என்றார். தங்கம் என்று அர்த்தமாம்.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்தார். பூவை என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"ஏட்டி, இந்த அம்மாகிட்டக் குடு. நல்லாக் கும்பிட்டுக் குடு."

கொடுத்தேன். எனக்குப் பின்னால் அப்பாவும் கைகூப்பி நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தனக்கு வந்த பூவையே தூக்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறாரே, எங்கள் அப்பாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று நானும் டிரம்மில் ரெண்டு தட்டுத் தட்டினேன்.

மறுநாள் காலையில் அப்பா என்னைச் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார். மாற்றுச் சான்றிதழ் வாங்கத்தான் போகிறோம் என்று அம்மா பயந்துகொண்டே வாசல் வரை வந்தாள். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு புளி மூட்டை இருந்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெரிய சிஸ்டர் வராந்தாவிலேயே எதிரே வந்துவிட்டார். அப்பா மூட்டையை இறக்கி வைத்தார்.

"பொய் சொல்லிட்டீகளே சிஸ்டர்" என்றார்.

"அத அன்னைக்கே கோயில் சாமியார்ட்டப் போய்ப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேங்கய்யா" என்றார் சிஸ்டர்.

"சாமியார் என்ன சொன்னாக?"

"அருள் நிறைந்த மரியே செபத்தப் பத்து தடவ சொல்லச் சொன்னாக. சொல்லிட்டேன்."

அப்பாவின் மீசை லேசாக அசைந்தது. "பங்குனி வரைக்கும் இது காணும். பொறவு புதுப் புளி வந்துரும்" என்று சொல்லிவிட்டு, என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார். என்ன பொய், யார் சொன்னது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். மழை பெய்த வருடம் அப்பா ஃபீஸ் கட்டினார், பெய்யாத வருடம் ராஜபாளையத்து அம்மா கட்டினார். எந்த வருடமும் புளி நிற்கவில்லை. இன்று என் சம்பளத்தில் என் குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும்போதெல்லாம் அந்த அம்மா நினைவுக்கு வருகிறார். எனக்கும் அவருக்கும் என்ன உறவு, எதற்காகக் கட்டினார் என்று நினைக்க நினைக்க மனசு நிறைந்துபோகிறது.

ஆனால் அப்போது எனக்கு அவர் மேல் கோபம்தான். அடுத்த வருட உபகாரிகள் நாளில் மேடையில் அவருக்கு நாற்காலி இருந்தது, அப்பாவுக்கு இல்லை. அப்பா கூட்டத்தில் கடைசி வரிசையில், மற்றப் பெற்றோர்களோடு உட்கார்ந்திருந்தார். மேடை வேண்டாம் என்று அவரே சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டதை நான் படிப்பு முடித்த பிறகுதான் அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் அப்பாவை உபகாரிப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதுதான். அந்த அம்மாவுக்குப் பொன்னாடை போட்டபோது நான் வேண்டுமென்றே கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஒரே ஒரு ஆள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் எழுந்து நின்று தட்டிக்கொண்டே இருக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா. தோற்றுப்போன மனுஷர் எதற்காக இத்தனை சந்தோஷமாகக் கைதட்டுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.