ஓங்காளமும் ஒரு லோடிங் வட்டமும்

என் முதல் பிள்ளை வயிற்றில் ஏழு வாரமாக இருந்தபோது, ஒரு லோடிங் வட்டத்தைச் செய்துதரும் வேலை எனக்கு வந்தது. போனில் ஒரு பக்கம் திறக்கும்வரை நடுவில் சுற்றிக்கொண்டிருக்குமே, அதுதான். முடிக்கப் பதினொரு நாள் பிடித்தது. பதினொரு நாளும் ஓங்காளித்துச் சத்தி எடுத்தேன். பிள்ளையால் எடுத்தேனா, வட்டத்தால் எடுத்தேனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அப்போது நாங்கள் மாம்புரி என்ற கடலோர ஊருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, கணவரின் தாய் வீட்டில் இருந்தோம். கணவருக்குப் புத்தளத்தில் உப்பளமொன்றில் வேலை. விடியப் போனால் பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகுதான் வருவார். பகலெல்லாம் வீட்டில் நானும் மாமியும்தான். நான் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இணையப் பக்கங்கள் செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். பொத்தான், படிவம், நிறம், அசைவு என்று கண்ணுக்குத் தெரிவது மட்டும் என் பொறுப்பு. உள்ளே ஓடுவது வேறு ஆட்களின் வேலை.

என் அறைச் சன்னலைத் திறந்தால் கருவாட்டு மணம் வந்து தொண்டையில் உட்காரும். மூடினால் புழுங்கும். தூரத்தில் காற்றாலைகள் வேறு ஓயாமல் சுற்றிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்க ஏலாமல் கதிரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். திருப்பி என்ன பயன்? மடியில் லப்டொப், லப்டொப்பில் வட்டம், காலடியில் மாமி வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் வாளி.

வேலை தந்தவர்கள் டொக்டர்மாரைச் சனல் பண்ணும் ஒரு தனியார் நிறுவனத்தார். விசேட வைத்தியரைப் பார்க்க முன்கூட்டியே இலக்கம் போடுவதைத்தான் நாங்கள் சனல் பண்ணுவது என்போம். டொக்டரின் பெயரையும் இடத்தையும் கொடுத்துப் பொத்தானை அமத்தினால், இலக்கம் வரும்வரை என் வட்டம் சுற்ற வேண்டும். பச்சை நிறம். சிறுசிறு கோட்டுத் துண்டுகள். ஒன்றையொன்று துரத்த வேண்டும், நீள வேண்டும், சுருங்க வேண்டும், தலை போய் வாலை விழுங்க வேண்டும். படத்தை அனுப்பியிருந்தார்கள். அன்று காலையில்தான் மீன் துப்புரவாக்கும்போது குடலுக்குள் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு நெளிந்ததைப் பார்த்திருந்தேன். படத்தைத் திறந்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. வாளியை இழுத்தேன்.

இந்த வேலையின் சூட்சுமம் மிகச் சின்னது. ஒரு கோட்டுக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னால் போதும். எவ்வளவு தூரம் நிறம், எவ்வளவு தூரம் வெற்றிடம் என்பது ஒன்று. அதை எங்கிருந்து தொடங்குவது என்பது மற்றது. வட்டத்தின் சுற்றளவு இருநூற்றைம்பது என்றால், இருநூற்றைம்பது நிறமும் இருநூற்றைம்பது வெற்றிடமுமாகக் கொடுத்துவிட்டு, தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனால், யாரோ பேனையால் வட்டம் வரைவதுபோல இருக்கும். யாரும் வரைவதில்லை. கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். முதன்முதல் படித்த காலத்தில் இதைச் செய்து பார்த்துக் கைதட்டிச் சிரித்தவள் நான். அந்தப் பதினொரு நாளில் அதே தந்திரம் எனக்கு அழுகிய மீனைப்போல நாறியது.

எங்கள் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் கொழும்புக்காரர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். நல்ல மனிதர்தான். மூன்றாம் நாள் போன் எடுத்தார்.

"தங்கச்சி, வடிவா இருக்கு. ஆனா அவங்க சொல்றாங்க, உயிர் இல்லயாம்."

"வட்டத்துக்கு என்ன அண்ணா உயிர்?"

"ஒரு மூச்சு மாதிரி வேணுமாம். பாக்கிறவருக்கு ஒரு நம்பிக்கை வரணுமாம்."

மூச்சு மாதிரிச் செய்தேன். பிறகு மூச்சு வேகம் கூடிவிட்டது என்றார்கள். பிறகு தூங்கி வழிகிறது என்றார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தப் பச்சைத் துண்டுகளை இருபது முப்பது தரம் உற்றுப் பார்க்க வேண்டும். வேறு யாரும் செய்யத் தேவையில்லாத பார்வை அது. உப்பு பிஸ்கட்டும் தேநீரில் தோய்த்த பாண் துண்டும் மட்டும்தான் வயிற்றில் நின்றன. அதுவும் வட்டத்தைத் திறக்கும்வரைதான்.

ஆறாம் நாள் அழைப்புத்தான் எனக்கு உண்மையிலேயே அருவருப்பைத் தந்தது.

"பதில் அரைச் செக்கன்ல வருது அண்ணா," என்றேன். "வட்டம் வந்தவுடனே போயிடுது. இவ்வளவு பாடுபட்டதே தேவையில்ல."

"அதான் பிரச்சினை. ஆகக் குறைஞ்சது மூணு செக்கன் நிக்கணுமாம். சட்டெண்டு வந்தா ஆக்கள் நம்பமாட்டாங்களாம். நாங்க கஷ்டப்பட்டுத் தேடுறம் எண்டு தெரியணும்."

"தேடுறதுக்கு ஒண்டுமில்லயே. இலக்கம் வந்திட்டுதே."

"தெரியும் தங்கச்சி. போடுங்க."

நான் பிறந்தது இடம்பெயர்ந்து வந்தவர்களின் ஓலைக் கொட்டில் ஒன்றில். உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில், யுத்தத்தில் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, மன்னாரிலிருந்து வந்தவர்கள். ஒரு கையெழுத்துக்காக உம்மா அரசாங்கக் கந்தோர்களின் மர வாங்குகளில் முழுநாளும் உட்கார்ந்து இருந்திருக்கிறார். தன் கடுதாசி மேசையில் கண்முன்னாலேயே கிடக்கும், ஆனால் "தேடுறம், இருங்க" என்பார்களாம். அதைச் சொல்லும்போது உம்மாவின் வாய் கோணும். அந்த "இருங்க"வை இப்போது நான் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று செக்கன். செக்கனுக்கு ஆயிரம் கணக்கில், மூவாயிரம் என்று ஓர் எண். எழுதிவிட்டு எழும்பிப்போய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன். போகவில்லை அந்த உணர்வு.

இதற்கெல்லாம் நடுவில் ஒரேயொரு நல்ல காரியம் செய்தேன். அசைவு தலையைச் சுற்றவைக்கும் ஆட்களுக்காகப் போனிலேயே ஒரு தெரிவு இருக்கிறது. அசைவைக் குறை என்று போட்டுவிட்டால், அதைப் பக்கங்களும் அறிந்துகொள்ளலாம். அந்தத் தெரிவைப் போட்டிருப்பவருக்கு என் வட்டம் சுற்றாது. அசையாமல் நிற்கும், கீழே "தேடுகிறோம், சற்றுப் பொறுங்கள்" என்று எழுத்து வரும். பத்து வரிதான். என்னைப்போல வாளியோடு இருக்கும் யாரோ ஒருத்திக்காக என்று நினைத்து எழுதினேன்.

இரண்டு நாளில் போன் வந்தது.

"தங்கச்சி, அவங்கட டிரெக்டர் ஒருத்தர்ட போன்ல வட்டம் சுத்துதில்லயாம். செத்துப்போய்க் கிடக்காம்."

"அவர் போன்ல அந்தத் தெரிவைப் போட்டிருப்பார் அண்ணா."

"ஓம், கேட்டுப் பாத்தன். அவருக்குத் தலைச்சுத்து வருத்தமாம். அதால போட்டு வெச்சிருக்காராம்."

"அப்ப அவருக்காகத்தானே அது!"

"அவருக்கு அவர்ட வட்டம் சுத்துறதப் பாக்கணுமாம்."

நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவரே கொஞ்சம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வரியையும் அழித்தேன். அழிக்கும்போது இன்னொன்றும் கேட்டேன். பதில் வராமலே போனால், லைன் அறுந்துபோனால், வட்டம் என்ன செய்ய வேண்டும்? அனுப்பிய படங்களில் அதற்கு ஒரு பக்கமும் இல்லையே என்றேன். அது ரெண்டாம் கட்டத்தில பாப்பம் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அதை அண்ணா தலையில் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. கேட்டவள் நான், விட்டவளும் நான்.

பதினோராம் நாள் வட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கிழமை தளம் திறந்தது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு என் நிலைமை மோசமானது. தண்ணீர் குடித்தாலும் திரும்பி வந்தது. வாயெல்லாம் கசந்து, உதடு வெடித்து, எழும்பினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் பாயைவிட்டு எழும்பவேயில்லை. கணவர் போனில் கிடைக்கவில்லை. மாமி அறை வாசலில் நின்று என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எங்கள் வீட்டுக்குள் போனுக்குக் கவரேஜ் கிடைப்பது பாக்கியம்; என் லப்டொப்புக்கு மட்டும்தான் தனி இணைப்பு. வேலி வாசலில் படலையடிக்குப் போனால் இரண்டு கோடு வரும். கதவு திறந்திருந்ததால் பாயில் கிடந்தபடியே மாமியைப் பார்க்க முடிந்தது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு மிகக் கிட்டப் போனைப் பிடித்து, ஒரு விரலால் எழுத்தெழுத்தாக ஏதோ அமத்திக்கொண்டிருந்தார். பிறகு அமத்துவதை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தபடி நின்றார். வெயில் ஏறியது. இடைக்கிடை கையை உயர்த்திப் பிடித்தார். தென்னை நிழல் நகர்ந்தது, மாமியும் அதோடு நகர்ந்தார். யாருடனோ கதைக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

உள்ளே வந்தபோது மாமியின் முகம் வேர்த்து, ஆனால் தெளிவாக இருந்தது.

"மகள், புத்தளத்துக்கு வாற பொம்புள டொக்டருக்குச் சனல் பண்ணிட்டிருக்கேன். பார்மசிக்காரர்தான் இதச் சொல்லித் தந்தவர். இஞ்ச பாரு, சுத்துது. தேடுது. இன்னம் கொஞ்சத்தில வந்திரும்."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். பச்சைத் துண்டுகள். நீண்டு, சுருங்கி, மூச்சுவிட்டு, வாலை விழுங்கிக்கொண்டு.

எழும்பி உட்காரக்கூட நேரம் கிடைக்கவில்லை. வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் வெறும் மஞ்சள் பித்தம் மாமியின் காலடியில் போய் விழுந்தது. மாமி பதறிப்போய் என் முதுகைத் தடவினார், மறுகையில் போனைக் கவனமாக நிமிர்த்திப் பிடித்தபடி. சரிந்தால் தேடுவது நின்றுவிடுமோ என்ற பயம்.

"மாமி, அது தேடல்ல."

"சுத்துதே மகள்."

"சும்மா சுத்துது. கவரேஜ் எப்பவோ விட்டுட்டுது. நாளைக்கு வெச்சுப் பாத்தாலும் அது இப்பிடித்தான் சுத்தும்."

"அப்ப என்னத்துக்குச் சுத்துது?"

"நான்தான் மாமி சுத்த வெச்சேன். இது நான் செஞ்ச வேல," என்றேன்.

மாமி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் வேலை என்னவென்று அதுவரை அவருக்குச் சரியாகத் தெரியாது. கொழும்புக் கம்பெனி, கம்ப்யூட்டர் என்பதோடு சரி.

"முக்கா மணித்தியாலம் வெயில்ல நிண்டேனே புள்ள," என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு போனைப் பாயில் எறிந்துவிட்டு, வேலியருகே போய் அடுத்த வீட்டைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டார். அந்த வீட்டுக்காரரின் ஓட்டோ பத்து நிமிடத்தில் வந்தது. வழிநெடுக வாளி என் மடியில். புத்தளம் பெரியாஸ்பத்திரியில் யாரும் இலக்கம் கேட்கவில்லை. கையில் ஊசி குத்தி சேலைன் ஏற்றினார்கள். இளம் பெண் டொக்டர் ஒருவர் என் நாக்கைப் பார்த்துவிட்டு மாமியிடம் கேட்டார்:

"இவ்வளவு காஞ்சு போகுமட்டும் ஏன் வீட்டுல வெச்சிருந்தீங்க?"

"நம்பர் போட்டுக்கொண்டிருந்த நாங்க மிஸ்," என்றார் மாமி.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் கையே எனக்கு அழுக்காகத் தெரிந்தது.

இரண்டு நாள் வார்ட்டில் இருந்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஸ்கேன் பண்ணிச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் லப்டொப்பைத் திறந்து, யாரையும் கேட்காமல் எழுதினேன். பத்துச் செக்கனில் பதில் வராவிட்டால் வட்டம் நிற்கும். "தொடர்பு கிடைக்கவில்லை. இலக்கம் பதியப்படவில்லை. இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வரும். அழித்த பத்து வரியையும் திரும்பப் போட்டேன். மூவாயிரத்தைப் பூச்சியமாக்கினேன். பிறகு அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"இதுக்கு ஆர் தங்கச்சி சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல."

"கிடைக்கவில்லை எண்டு போட்டா, தங்கட தளத்தில பிழை எண்டு ஆக்கள் நினைப்பாங்க எண்டு கத்துவாங்களே."

மாமி படலையடியில் நின்ற கதையைச் சொன்னேன். பித்தம் விழுந்ததையும் விடவில்லை. பிறகு, "நான் கதைச்சுப் பாக்கிறன்," என்றார். கதைத்துமிருக்கிறார். மூன்று நாளில் பதில் வந்தது. வட்டம் நிற்கலாம், ஆனால் முப்பது செக்கனுக்குப் பிறகு. நின்றதும் அழைக்க வேண்டிய எண் வரலாம், "கிடைக்கவில்லை" என்ற சொல் வரக் கூடாது. அசையாத வட்டம் வேண்டாம். மூன்று செக்கன் அப்படியே இருக்க வேண்டும்.

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வராது. வயிற்றில் ஏழாம் மாதமானபோது அந்தக் கம்பெனியை விட்டேன். உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய், அந்த நேரம் நான் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், கருவாடு உட்பட.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. நான் வேறோர் இடத்துக்குப் படிவங்கள் செய்துகொடுக்கிறேன். வட்டங்களைத் தவிர்க்கத் தெரிந்த அளவுக்குத் தவிர்க்கிறேன். போன மாதம் மாமியின் கண்ணுக்கு ஒரு டொக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தளத்தைத் திறந்தேன். வட்டத்தை மாற்றியிருந்தார்கள். இப்போது இதயத் துடிப்புக் கோடு ஒன்று தன்னைத்தானே வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளை எங்கேயோ இருந்து செய்திருக்கிறாள், நிறமும் வெற்றிடமும் கொடுத்து. மூன்று செக்கன் எண்ணிப் பார்த்தேன். அது மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. வாய் கசந்தது.

மூடிவிட்டுப் படலையடிக்குப் போய் டொக்டரின் கிளினிக்குக்கே அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பிள்ளை ஒன்று அழும் சத்தம் கேட்டது.

"இந்தக் கிழமை இல்ல மிஸ். வாற புதன் பன்னண்டாம் நம்பர் இருக்கு, போடவா?"

"ஓம், போடுங்க," என்றேன்.