சாக்குக்கு இரண்டு கிலோ

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகையை எங்கள் தோட்டத்தில் மடுவம் என்பார்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் அது. அங்கே நான் கணக்கப்பிள்ளை. பெண்கள் மூட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் காட்டியதில் இரண்டு கிலோவைக் கழித்து, மிச்சத்தைச் சத்தமாகச் சொல்வேன்; அந்த எடைக்குத்தான் கூலி. சாக்குக்கும் ஈரத்துக்குமான கழிவு அது. நல்ல வெயில் நாளிலும் ஈரத்துக்குக் கழிப்போம். எதிர்த்துக் கேட்டவளை என் வாய் சும்மா விட்டதில்லை. மற்றவர்கள் "சரிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வரிசையில் என் அம்மாவும் நிற்பார். அவர் மட்டும், "சரி தம்பி" என்பார்.

என் தங்கைக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. லயத்து வீட்டு வாசலில் இருந்து குழாயடி வரை கைகளை ஊன்றியே போய் வருவாள். அந்தக் கைகளின் பலத்தைப் பார்த்த யாரோ ஒருவர் சொல்லித்தான் கொழும்பில் நடந்த மாற்றுத்திறனாளிகள் பளுதூக்கும் தெரிவுப் போட்டிக்குக் கூட்டிப் போனேன். பலகையில் மல்லாந்து படுத்து, இரும்புக் கம்பியை நெஞ்சு வரை இறக்கி மேலே தள்ள வேண்டும். நாற்பத்து நாலு கிலோ எடைப் பிரிவில் முதலாவதாக வந்தாள். பல நாடுகள் சேரும் பெரிய விளையாட்டு விழாவுக்கு அவளைத் தெரிவு செய்தார்கள். துணைக்கு நானும் போகலாம் என்றார்கள். தோட்டத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பயிற்சியாளர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். போட்டியன்று அவள் உடம்பு நாற்பத்து நாலுக்கு மேல் போகக் கூடாது. போனால் மேடையே ஏற முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு முட்டை, பருப்பு, நெத்தலி என்று கொடுத்துத் தேற்றினோம். எடை பார்க்க எங்கே போவது? மடுவத்துத் தராசு இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கொழுந்துச் சாக்கைத் தொட்டில் போலக் கட்டி, அதில் அவளை உட்கார வைத்து, கொக்கியில் மாட்டுவேன். அவள் ஆடிக்கொண்டே சிரிப்பாள். கடைசி ஞாயிறு முள் நாற்பத்தாறில் நின்றது.

"நாப்பத்து நாலு" என்றேன்.

"அண்ணே, வெறுஞ்சாக்கு ரெண்டு கிலோவா இருக்கும்?"

"பன்னெண்டு வருசமா நிறுக்கிறவன் நானா நீயா?"

அந்தச் சாக்கு அரைக் கிலோகூட இருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவளை ஏமாற்ற நினைக்கவில்லை. யோசித்தே பார்க்கவில்லை. கொக்கியில் எது தொங்கினாலும் இரண்டைக் கழித்துச் சொல்லித்தான் என் வாய்க்குப் பழக்கம்.

விழாவுக்குப் போய் இறங்கினோம். போட்டியன்று காலை, தங்கையை எடை பார்க்கும் அறைக்குள் அழைத்துப் போனார்கள். நான் வெளியே நின்றேன். திரும்பி வந்தவளின் முகம் வெளிறியிருந்தது. ஒன்றரைக் கிலோ அதிகம். ஒரு மணி நேரத்துக்குள் குறைத்துக்கொண்டு வந்தால் இன்னொரு தடவை பார்ப்பார்களாம்.

மூன்று கம்பளிச் சட்டைகளை மாட்டிக்கொண்டு, நடைபாதையில் சக்கர நாற்காலியை மேலும் கீழும் தள்ளினாள். வியர்வை கண்ணில் இறங்கியது. ஒரு கோப்பையில் துப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "முடிய வெட்டுங்க அண்ணே" என்றாள். இடுப்பு வரை தொங்கிய பின்னல். யாரிடமோ கத்தரிக்கோல் வாங்கி நான்தான் வெட்டினேன். கோணல்மாணலாகப் போனது.

அப்படியும் அரைக் கிலோ அதிகமாகவே இருந்தது.

ஊருக்குத் திரும்பும்வரை அவள் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஹட்டனில் இறங்கி பஸ்ஸுக்கு நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மாவோட மூட்டையிலயும் இப்பிடித்தான் கழிப்பீங்களா?"

"அது தோட்டத்துத் தொரையோட உத்தரவும்மா" என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது. வெட்டிய தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு அவள் வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

வீட்டில் அம்மா அவள் தலையைத் தடவிப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். சாக்குக்குக் கழித்ததை அவளே சொன்னாள். நான் குசினிக்குள் போய் அடுப்பு ஓரமாக நின்றுகொண்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். இனிமேல் கழிக்க முடியாது என்று துரையிடம் சொல்வதாகத்தான் காலையில் நினைத்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. மழையே இல்லாத நாள். வரிசையில் அம்மா வந்து மூட்டையை மாட்டினார். வழக்கமாக மாட்டியதும் என் முகத்தைப் பார்ப்பவர், அன்றைக்குத் தராசு முள்ளைப் பார்த்தார். அது பதினெட்டில் நின்றது.

"பதினாறு" என்றேன்.

அம்மா மூட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரிங்க" என்றார்.