கையில் கட்டிய சாட்சி

இரத்த அழுத்தக் கருவியைக் கையில் கட்டிக்கொண்டு ஒரு முழுநாள் இருக்க வேண்டும் என்றால் யாரும் முகம் சுளிப்பார்கள். இவள் சிரித்தாள்.

"புதன்கிழமை கட்டுங்க டாக்டர். அன்னைக்குத்தான் அவர் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இருப்பார்."

அவர் என்றால் பின்னாடியார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில், அவசர அழைப்புகளை எடுக்கும் அறைக்கு மேற்பார்வையாளர். பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள். ஆனால் ரப்பர் செருப்போடு சத்தமில்லாமல் வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, காதோரம் "ஏம்மா, தூங்குறியா?" என்று கேட்கிற மனிதருக்கு அங்கிருந்த ஆறு பெண்களும் சேர்ந்து வைத்த பெயர் இது. தப்பு இருந்தால்தான் நிற்பார் என்றில்லை. தப்பு வரும்வரை நிற்பார்.

ஒன்பது வருடம். முதலில் இவள் கழுத்து இறுகியது. அப்புறம் வயிறு, காலையில் பஸ் அந்தத் தெருவுக்குத் திரும்பும்போதே புளிப்பு தொண்டைக்கு ஏறிவிடும். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்து, கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டது. நாற்பத்தொரு வயதில் ஒருநாள் குளியலறையில் தலைசுற்றி விழுந்தாள். மூன்று மாதத்தில் ஒன்பது நாள் லீவு. 'சொன்ன காரணங்கள் நம்பும்படி இல்லை' என்று பின்னாடியார் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அதற்கான விசாரணை வெள்ளிக்கிழமை.

"விட்டுத் தள்ளு," என்றார் பஸ் ஓட்டுகிற கணவர்.

"தள்ளறதுக்கு அவன் என்ன, ஸ்டார்ட் ஆகாத பஸ்ஸா? வேலையும் போகக் கூடாது, அந்த ஆளும் அங்க இருக்கக் கூடாது. ரெண்டும் வேணும் எனக்கு."

கருவியைக் கட்டும்போது டாக்டரம்மா விளக்கினார். "பின்னாடி யாரோ வந்து நின்னா, உடம்பு அதைப் புலின்னு நினைச்சுக்கும். இதயம் வேகமா அடிக்கும், ரத்தக்குழாய் இறுகும், ரத்தத்துல சர்க்கரை ஏறும். எழுந்து ஓடினா கொஞ்ச நேரத்துல எல்லாம் இறங்கிடும்."

"எங்க ஓடுறது டாக்டர்? ஹெட்போன் வயரே நாலடிதான்."

"அதான். உட்கார்ந்த இடத்துலயே ஒன்பது வருஷமா ஓடிட்டிருக்கீங்க."

அரைமணிக்கு ஒருமுறை கருவி தானே காற்றடித்துக் கையை இறுக்கி, அளந்து, நேரத்தோடு பதிந்து வைக்கும். அந்தந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இவள் ஒரு தாளில் குறிக்க வேண்டும். முழுக்கை சட்டைக்குள் கருவியை ஒளித்து வேலைக்குப் போனாள்.

பதினொன்றுக்கு ஒரு பல் டாக்டர் கூப்பிட்டார். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தார்.

"மேல ஒருத்தருக்கு மரத்துப்போற ஊசி போட்டுட்டு வந்தேங்க! அது வேலை செய்றதுக்குள்ள ஒரு காபி குடிச்சிட்டு வரலாம்னு இறங்கினேன்! அவர் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருப்பார்!"

"பயப்படாதீங்க சார், ஆள் கிளம்பிட்டாங்க. அவருக்கு வலிக்காது. நீங்கதான் மரத்துப்போகாம நின்னுட்டிருக்கணும்."

அவர் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னார். அப்போது கருவி கையை இறுக்கியது. இவள் குறித்தாள்: பல் டாக்டர்.

பதினொன்று இருபத்தெட்டுக்குப் பொறி வைத்தாள். அழைப்பு முடிந்ததும் இரண்டு நிமிடத்தில் படிவத்தை முடிக்காவிட்டால் பின்னாடியாரின் திரையில் சிவப்பு எரியும். இவள் படிவத்தைத் திறந்து போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். சரியாகப் பதினொன்றரை மணிக்கு அவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"ஏம்மா, ராணி மாதிரி உட்கார்ந்திருக்கே?"

கருவி கையைப் பிடித்தது. நல்லா திட்டு ராசா, இன்னும் திட்டு என்று இவள் மனதுக்குள் குதூகலித்தாள். உடனே ஒரு பயமும் வந்தது. இத்தனை சந்தோஷமாக இருந்தால் அழுத்தம் இறங்கிவிடாதா? தன் சாட்சியைத் தானே கெடுத்துவிடுவாளா? இருந்தாலும் விடவில்லை. அன்று இன்னும் மூன்று முறை, மணியைப் பார்த்துப் பார்த்து அவரை வரவழைத்தாள்.

வியாழக்கிழமை டாக்டரம்மா தாளில் விரலை வைத்தார். "பதினொன்றரைக்கு நூற்றியெண்பத்திரண்டு. என்ன நடந்துச்சு?"

"அப்ப நான் உள்ளுக்குள்ள சிரிச்சிட்டிருந்தேனே!"

"உங்க உடம்புக்கு அது தெரியல."

இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மனசு ஜெயித்த நேரத்தில்கூட இரத்தம் அந்த ஆளுக்குப் பயந்து நடுங்கியிருக்கிறது. அதுவரை இருந்த கோபம் கோபமே இல்லை என்று தோன்றியது.

விசாரணையில், கம்பெனி மேலாளரிடம் பின்னாடியார் முந்திக்கொண்டார். "வீட்டுல ஏதாவது தகராறு இருக்கும் சார். அதுக்கு ஆபீஸ் என்ன பண்ணும்?"

"புதன்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு எங்க வீட்டுக்காரரோட பெரிய சண்டை சார்," என்று தாளை நீட்டினாள். "நூற்று முப்பது. லிஃப்ட்ல மாட்டின பல் டாக்டர் கதறினப்போ நூற்று இருபத்தாறு. இவர் பின்னாடி வந்து நின்னப்போ பதிஞ்ச இந்த நாலைப் பாருங்க, எல்லாம் நூற்றியெண்பது பக்கம்."

"அந்த நேரத்துல நான் அங்க இருந்தேன்னு யார் சொன்னா?" என்றவர், இவள் சோம்பேறித்தனத்தை நிரூபிக்கிற வேகத்தில், தன் நோட்டை எடுத்து மேசையில் போட்டார். "இதோ, புதன்கிழமை மட்டும் நாலு தப்பு! நானே பின்னாடி நின்னு நிமிஷத்தோட எழுதியிருக்கேன்."

மேலாளர் நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதினொன்று முப்பது. ஒன்று. இரண்டரை. நான்கு. எல்லாமே பொருந்தின. பின்னாடியார் நோட்டுக்குக் கை நீட்டினார்; மேலாளர் அதன் மேல் தன் கையை வைத்தார்.

"வேணும்னா உங்களை வேற மாடிக்கு மாத்திடறேம்மா," என்றார்.

"நான் எதுக்கு சார் நகரணும்? நகர வேண்டியவர் உட்கார்ந்திருக்கார்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, எழுதத் தொடங்கினார். எச்சரிக்கைக் கடிதங்கள் இரண்டும் ரத்து. மேற்பார்வையாளர் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றம். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "ஆறு மாத காலத்துக்குத் தற்காலிகமாக."

பின்னாடியார் மூச்சுவிட்டார். இவள் கைப்பையிலிருந்து இரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை நான் சாகற வரைக்கும் போட வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க சார். எனக்கு யாரும் தற்காலிகம்னு எழுதிக் கொடுக்கலையே."

மேலாளர் இவளைப் பார்த்தார். பின்னாடியாரைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து அந்த 'ஆறு மாத' வரியை அடித்தார்.

"நல்லா அடிங்க சார்," என்றாள் இவள். "இன்னும் எழுத்து தெரியுது."