குளிர்ந்து கிடந்த ரேடியேட்டர்

போன வருஷம் மே மாதம், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு வியாழக்கிழமை மதியம். மதுராந்தகம் தாண்டி படாளம் போகும் வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் எங்கள் கார் நின்றுபோனது. காருக்குள் நானும் என் நாத்தனாரும் மட்டும்தான்.

நாங்கள் கடப்பாக்கம். நான் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். நாத்தனார் அவருக்கு அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு காலத்தில் கரையில் மீன் ஏலம் எடுத்தவர். அவர் குரல் கேட்டால் மற்ற வியாபாரிகள் விலை ஏற்றத் தயங்குவார்கள். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அந்தக் குரல் அடங்கிவிட்டது. செங்கல்பட்டில் ஒரு சென்டருக்கு வாரத்தில் மூன்று நாள் கூட்டிப் போவேன். அதற்காகத்தான் பழைய கார் ஒன்றை வாங்கி, நாற்பது வயதில் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். போகும்போதும் வரும்போதும் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடியே இருப்பார். நான் பத்து வார்த்தை பேசினால் அவரிடமிருந்து ஒன்று வரும்.

அந்த வாரம் காய்ச்சல் வந்து ஒரு டயாலிசிஸ் தவறியிருந்தது. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கியது. இன்றைக்கும் தவறினால் ஆபத்து என்று டாக்டர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வழியில் மதுராந்தகம் லேபில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க வேண்டியிருந்தது. அங்கே கூட்டம், ரொம்ப நேரம் காத்திருந்தோம். அதுவரைக்கும் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. திரும்ப எடுத்துக் கொஞ்ச தூரம் வந்ததும் சூடு காட்டும் முள் விறுவிறுவென்று மேலே ஏறிச் சிவப்பைத் தொட்டது. பானெட் ஓரத்தில் ஆவி. பயந்துபோய் ஓரம் கட்டி நிறுத்தினேன்.

பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை, அதுவும் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. செங்கல்பட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டேன். வெளியூரில் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வர நேரமாகும் என்றார். தெரிந்த ஆட்டோக்காரர் செய்யூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பைக்கில் வந்த ஒருவர் நின்று, தண்ணி வற்றியிருக்கும், ஊத்துங்க என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டிலையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன்.

அப்போதுதான் பின்னால் மீன் பெட்டி ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண், தலையில் முக்காடு, என்னைவிடச் சின்ன வயசு. கோவளத்திலிருந்து திண்டிவனத்துக்கு மீன் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். இறங்கிய வேகத்தில் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அக்கா, தொறக்காதீங்க. மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்."

காருக்குள் இருந்த அண்ணியைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். தன் வண்டியிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். இரண்டு பேருமாக அண்ணியைத் தாங்கிப் பிடித்து ஏற்றப் பார்த்தோம். வீங்கிய காலைத் தூக்கி அந்தப் படியில் வைக்க அவரால் முடியவில்லை. மூச்சு இரைத்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். 108-ஐக் கூப்பிடலாமா என்றேன். அது பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும் என்று அதற்கும் ஒத்துக்கொள்ளாமல் வேப்பமரத்து நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவி அடங்கிய பிறகு, அந்தப் பெண் ஈரச் சாக்கைப் போட்டு மூடியை மெதுவாகத் திருகித் திறந்தார். உள்ளே கழுத்து வரைக்கும் தண்ணீர் இருந்தது. ஒழுகலும் இல்லை. முன்னால் இருக்கும் ஃபேன் நான் வண்டியை நிறுத்தும் வரை சத்தமாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் இருக்கிறது, காற்றும் அடிக்கிறது, பிறகு ஏன் கொதித்தது?

எனக்கு அந்தப் பதற்றத்திலும் அது என்னவோ விட்டுவிட முடியாத கேள்வியாகப் பட்டது. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். கொதிக்க வேண்டிய அது வெயிலில் கிடந்த இரும்புக் கேட் அளவுக்குத்தான் சுட்டது. என்ஜின் பக்கமோ இன்னும் கிட்டவே போக முடியவில்லை. நடுவில் ஒரு சாண் ரப்பர் குழாய்தான். இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அண்ணி கேட்கட்டும் என்றில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்வது போல இதைச் சத்தமாகச் சொன்னேன்.

கல்லில் இருந்தபடியே அண்ணி பேசினார்.

"ஓடலடி அது. ஊசி குத்தின கைய நான் மடக்கினா மிஷின் கத்துதில்ல? ரத்தமும் கீது, பில்டரும் நல்லாத்தான் கீது. நடுவுல டியூபு மடங்கினா இன்னா பண்ணும்? அந்த மாதிரி உள்ளாற எங்கயோ அடச்சிகினு கீது."

அவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அதைக் கேட்டதும் மீன் வண்டிப் பெண்ணுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மலை ஏறும்போது வண்டி சூடானால் ஹீட்டரைப் போட்டு ஓட்டுவேன் என்று அவர் வீட்டுக்காரர் எப்போதோ சொன்னாராம். எதற்கென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நானும் கார் வாங்கிய நாளிலிருந்து ஹீட்டர் குமிழைத் தொட்டதில்லை. இந்த ஊரில் யார் தொடுவார்கள்? ஆனால் சூடான காற்று எங்கிருந்தோ வர வேண்டுமே. என்ஜின் தண்ணீர்தான் அங்கேயும் போகிறது என்றால், அடைத்த வழியை விட்டு வேறு வழியில் சூடு வெளியேறுமே என்று தோன்றியது.

நன்றாக ஆறிய பிறகு வண்டியை எடுத்து, ஹீட்டரை முழுசாகத் திருகினேன். முதலில் சும்மா காற்று. பிறகு அடுப்பு வாயைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. முள் பாதிக்கு மேல் ஏறி அங்கேயே நின்றது. அண்ணியும் கல்லை விட்டு எழுந்து வந்துவிட்டார், மூன்று பேரும் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் இந்தச் சூட்டில் அண்ணியை எப்படி உட்கார வைப்பது? மே மாத வெயில், உள்ளே ஹீட்டர், அவருக்கோ தாகம் எடுத்தாலும் ஒரு வாய்க்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. நான் கேட்கும் முன்பே அவரே பின் கதவைத் திறந்து ஏறினார். அங்க மிஷின்ல படுத்தா குளுர்ல நடுங்கத்தான போறேன், போ என்றார்.

காலி மீன் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை ஒரு பாலிதீன் பையில் கட்டி, துணி சுற்றி அண்ணி கையில் கொடுத்தார் அந்தப் பெண். நீங்க மெதுவா போங்க, நான் பின்னாலயே வரேன் என்றார். நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு உருட்டிக்கொண்டு போனேன். லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தன. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் விளக்குகளை மினுக்கவிட்டபடி அந்தக் குட்டியானை என் முதுகைக் காத்துக்கொண்டு வந்தது. முள் ஏறியபோது ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டோம். அப்போதும் அவர் நின்றார். என் ஜாக்கெட் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. பின்னால் அண்ணி ஐஸ் பையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, எட்டி எட்டி முள்ளைப் பார்த்து, எறங்குது, எறங்குது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சென்டரில் போய்ச் சேர்ந்தபோது தாமதம்தான். நர்ஸ் கொஞ்சம் கடிந்துகொண்டார். ஆனால் மெஷினை வேறு யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அண்ணியை உள்ளே விட்டுவிட்டு நன்றி சொல்ல ஓடி வந்தேன். அதற்குள் அந்தப் பெண் வண்டியைத் திருப்பியிருந்தார். நேரமாவுது அக்கா என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஊர் திரும்பியிருந்த மெக்கானிக், நாங்கள் கண்டதைச் சொன்னதும் நேராக என்ஜின் பக்கம் இருந்த ஒரு மூடியைக் கழற்றினார். எலுமிச்சம்பழம் அளவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சாமான் வந்தது. தெர்மோஸ்டாட் என்றார். சூடானால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்ப வேண்டியது, மூடியபடியே இறுகிப்போயிருந்தது. நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை, இல்லாமலே ஓட்டுங்க என்றார். தேவையில்லாததை எதுக்கு வெச்சாங்க என்று கேட்டேன். சிரித்தார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கழட்டிப் போடுவார், நானும் போடறேன், ஏன்னு கேட்டதில்ல என்றார். பழையதைக் கையில் வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் புதியது ஒன்றும் வாங்கினேன்.

அன்று அது இல்லாமலே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். கடப்பாக்கம் வரும் வரைக்கும் முள் அடியை விட்டு எழும்பவே இல்லை. அதுவும் சரியில்லையே என்று பட்டது. போனில் தேடிப் பார்த்ததில் புரிந்தது. என்ஜினும் ஒரு சூட்டுக்கு வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யுமாம். அதுவரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பதும் அந்தச் சாமானின் வேலைதானாம். எப்போதும் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

மறுநாள் காலை சோறு வடிக்கும் முன்பு, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பழையதையும் புதியதையும் தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அண்ணி நாற்காலியை அடுப்படிக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்பே புதியது மெல்ல வாயைத் திறந்தது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தள்ளுகிறதாம். பழையது தளதளவென்று கொதித்தும் அசையவில்லை. அடுப்பை அணைத்தால் புதியது மூடிக்கொண்டது. இன்னொரு தரம் வை என்றார் அண்ணி. அன்றைக்கு சாப்பாடு ரொம்ப நேரமாகிவிட்டது.

அடுத்த முறை செங்கல்பட்டு போனபோது புதியதைப் போடச் சொன்னேன். மெக்கானிக்கிடம் பாத்திரத்து விஷயத்தைச் சொன்னதும், அவரும் தன் கடையில் செய்து பார்க்கப் போவதாகச் சொன்னார். அண்ணி டயாலிசிஸ் டெக்னீஷியனிடம், இந்த டியூபு எங்க போவுது, அந்தத் தண்ணிய எதுக்குச் சூடு பண்றீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அந்தப் பையன் இப்போது எங்களைக் கண்டாலே சிரிக்கிறான்.

அன்று அந்த ரோட்டோரத்தில் எங்கள் மூன்று பேரில் யாருக்கும் முழுசாக ஒன்றும் தெரியாது. ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்தது, அதைக் கூச்சப்படாமல் சொன்னோம். அதற்குப் பிறகு, எனக்குத் தெரியாது, ஆனால் இப்படி இருக்குமோ என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தயக்கம் வந்ததே இல்லை.